சிங்கப்பூருக்கு, சும்மா

கமலா சிங்கப்பூர் போகிறாள் என்ற செய்தி பரவியபோது, கள்ளக்குறிச்சியில் எல்லாரும் அவளிடம் கேட்டது ஒன்றைத்தான்.

"அங்க யாரு கீறாங்க?"

யாரும் இல்லை. உறவு இல்லை, வேலை இல்லை, வைத்தியம் இல்லை, வேண்டுதலும் இல்லை. "சும்மா பாத்துட்டு வரலாம்னுதான்" என்பாள். கேட்டவர்களில் சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்காமல் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்கள். காசிக்குப் போனால் புரியும். மகன் வேலை செய்யும் ஊருக்குப் போனால் புரியும். நாற்பத்து மூன்று வயதில், கல்யாணமாகாத ஒருத்தி, துணையில்லாமல் கடல் தாண்டிச் சும்மா போய் வருவாள் என்பதை 1987ஆம் வருடத்தில் அந்த ஊர் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கமலா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். சொந்த ஊர் தியாகதுருகத்துக்குப் பக்கத்தில். அப்பா செத்த பிறகு வேலைக்கு வந்தவள், தம்பி சுப்புராயனுக்குக் கல்யாணம் செய்து வைத்தாள். அவன் மகன் அறிவுச்செல்வன் பள்ளிக்கூடம் போனான். அதற்கிடையில் அவளுடைய கல்யாணப் பேச்சு எப்போது நின்றுபோனது என்று அவளுக்கே நினைவில்லை. சண்டை எதுவும் இல்லை. மழை நிற்பதைப் போல அதுவாக நின்றுவிட்டது.

வெளியூருக்குப் பேசும் ட்ரங்கால் லைன் அந்நாளில் பாதி நேரம் சரியாகக் கேட்காது. அப்போதெல்லாம் ஒரு பக்கம் சொல்வதை மறுபக்கத்துக்கு ஆபரேட்டரே திருப்பிச் சொல்ல வேண்டும். "சாப்டியான்னு கேக்கறாங்க." "சாப்டாராம்." "கொழந்த பொறந்திருக்காம், ஆம்பளப் புள்ள." "நேத்து காலையில தவறிட்டாராம்." ஊராருடைய பிறப்பும் சாவும் கோபமும் கொஞ்சலும் வருடக்கணக்காக அவள் வாய் வழியாகப் போய் வந்தன. அவற்றில் அவளுடைய பேச்சு என்று ஒன்றும் இருந்ததில்லை.

ஒரு சித்திரை மதியம், மணலூர்பேட்டையிலிருந்து வந்த ஒரு தாய் சிங்கப்பூரிலிருக்கும் மகனோடு பேசினாள். வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. லைனில் மகன் குரலுக்குப் பின்னால் விடாமல் ஓர் இரைச்சல்.

"அது இன்னா சத்தம்?" என்றாள் தாய்.

மகன் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. கமலாதான் சொன்னாள். "மழையாம்மா. அங்க மழ பெய்யுதாம்."

பேச்சு முடிந்தது. அந்தப் பக்கம் ரிசீவரை உடனே வைக்கவில்லை. ஹெட்போனில் அந்த மழை இன்னும் கொஞ்ச நேரம் பெய்தது. யாருக்கும் திருப்பிச் சொல்ல வேண்டியிராத ஒன்றை கமலா முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் அந்த எண்ணம் விழுந்தது. அந்த மழை பெய்யும் தெருவில் போய் நிற்க வேண்டும். யாருடைய சொல்லும் தன் வழியாகப் போகாத ஓர் ஊரில் கொஞ்ச நாள் நடந்து திரிய வேண்டும்.

எண்ணம் விழுந்து, பாஸ்போர்ட் கைக்கு வருவதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன. அரசு வேலைக்காரி என்பதால் முதலில் துறையின் அனுமதி வேண்டும். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'சுற்றிப் பார்க்க' என்று எழுதி அனுப்பினாள். விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது. "ஒறவுக்காரங்களப் பாக்கன்னு எழுதும்மா, வேல முடியும்" என்றார் சூப்பர்வைசர். "எந்த ஒறவுக்காரங்கன்னு கேட்டா யார சார் சொல்றது?" என்று அவள் மறுபடியும் அதையே எழுதினாள். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், கமலா வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாவிடம், இந்த அம்மா ஏதாவது ஆள் பின்னால் போகிறதா என்று தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டு, கமலா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். டாலர் வாங்கப் போன பேங்கில், அந்தக் கிளையில் இதுவரை யாரும் டாலர் கேட்டதில்லை என்று மேனேஜரே எழுந்து வந்து அவளைப் பார்த்தார். பட்டம் படிக்காதவள் என்பதால் குடிபெயர்வு அனுமதி முத்திரை ஒன்று தனியாக வேண்டுமென்று மெட்ராஸில் சொன்னார்கள். அதற்காக இரண்டு தடவை பஸ் ஏறி, ஒரு தடவை அந்த அலுவலகம் விடுமுறை என்று திரும்பி வந்தாள்.

இந்த அலைச்சல் எதிலும் அவளுக்கு அலுப்பு வரவில்லை என்பதுதான் உடன் வேலை செய்த ஜெஸிக்கு ஆச்சரியம். ஜெஸி இளையவள். கமலாவுக்கு அடுத்த நாற்காலி.

"அக்கா, உங்க மூஞ்சியப் பாத்தா லவ் பண்றவங்க மாதிரி கீதுக்கா."

"போடி."

பொய்யில்லை. சாயங்காலம் வேலை முடிந்து மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனால், மேற்கே கல்வராயன் மலை நீலமாகப் படுத்திருக்கும். கையில் துணியோடு நின்றுவிடுவாள். அந்த நீலம் கறுப்பாகும் வரைக்கும் அவள் தனக்குத் தெரியாத தெருக்களில் நடப்பாள். தெரு ஓரத்தில் என்ன மரம் என்று தெரியாததால் ஒரு நாள் புன்னையும் ஒரு நாள் வேம்பும் வைத்துக்கொள்வாள். கடைகளில் விளக்கு எரியும். யாரும் கூப்பிட மாட்டார்கள். தூக்கத்திலும் அதே தெரு வந்தது. சில நாள் அதில் தண்ணீர் ஓடியது. அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

டிக்கெட் வந்தது. செப்டம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை ராத்திரி விமானம்.

அந்த வாரத்தில்தான் சாலை மறியல் வந்தது.

இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்கள் முழுக்க ஒரு வாரம் ரோட்டை மறிப்பதாகச் சாதிச் சங்கத்தார் முன்பே அறிவித்திருந்தார்கள். சனிக்கிழமைக்குள் ஒரு பஸ்ஸாவது ஓடும் என்று கமலா நம்பினாள். முதல் நாளே நம்பிக்கை போயிற்று. எக்ஸ்சேஞ்ச் போர்டில் உட்கார்ந்திருந்தவளுக்குச் செய்தியெல்லாம் காது வழியாக வந்தது. அங்கே புளியமரம் சாய்ந்து கிடக்கிறது, இங்கே பாலத்தை உடைத்திருக்கிறார்கள், இன்னோர் இடத்தில் துப்பாக்கிச் சூடு, ஆட்கள் செத்திருக்கிறார்கள். லைன் கெட்ட இடங்களில் அதையும் அவள்தான் திருப்பிச் சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் ஜெஸி அவள் வீட்டுக்கே ஓடி வந்தாள். "எல்லாருக்கும் லீவு கேன்சல்னு ஆர்டர் வரப் போவுதாம். அது வர்றதுக்குள்ள கௌம்புங்கக்கா. உங்க டூட்டியையும் சேத்து நான் பாத்துக்கறேன்."

"எப்படிடி போவேன்? பஸ்ஸே இல்லியே."

"இங்க இருந்தா மட்டும் பஸ் வந்துடுமா?"

கமலா புதுப் பெட்டியை எடுத்துக்கொண்டு, ஒரு பால்காரரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து தியாகதுருகம் ரோட்டில் போனாள். ஊர் எல்லை தாண்டியதும் முதல் மரம். பெரிய புளியமரம், இலையோடு, காக்கைக் கூட்டோடு ரோட்டின் குறுக்கே கிடந்தது. அதன் மேல் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சுப்புராயன்.

பயணத்தைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அறிவுச்செல்வன் அந்த வருடம் நல்ல மார்க் வாங்கியும் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்தான். அந்த ஆத்திரம்தான் சுப்புராயனை ரோட்டுக்குக் கொண்டுவந்திருந்தது.

"எங்க வந்தே?" என்றான்.

"நாளைக்கு ராத்திரி எனக்கு பிளேனுடா."

மரத்தின் மேலிருந்த யாரோ சிரித்தார்கள். சுப்புராயன் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"எம் புள்ளைக்கு ஒரு எடம் வோணும்னு நாங்க சோறு தண்ணி இல்லாம ரோட்ல குந்தினு கீறோம். நீ ஊர் சுத்தப் போறேன்னு பொட்டி தூக்கினு வந்து நிக்கறே. இன்னாக்கா நெனச்சினு கீறே நீ?"

கமலா அவனைப் பார்த்தாள். அவன் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. உள்ளங்கையில் கோடரி பிடித்த கொப்புளம். சின்ன வயதில் வெல்லம் காய்ச்சுகிற இடத்தில் கையைச் சுட்டுக்கொண்டு தன்னிடம் ஓடி வந்தவன் என்று மட்டும் தோன்றியது.

அவன் திடீரென்று இறங்கிவந்து பெட்டியைத் தூக்கினான். மரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வைத்தான். வைத்தவன் ரோட்டைப் பார்த்தபடி நின்றான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரத்துக்குப் பின்னால் மரம். பிறகு பெட்டியை மறுபடியும் தூக்கி அவள் காலடியில் வைத்தான்.

"நான் வுட்டுடுவேன். அடுத்த மரத்துல கீறவன் வுடணுமே. உளுந்தூர்பேட்ட வரைக்கும் இப்படித்தான். வழியில உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான். "மல ரோட்ல யாரும் மரம் வெட்டல. அந்தாண்ட சேலம் பக்கமா எறங்கிப் பாரு."

சொல்லிவிட்டு மறுபடியும் மரத்தின் மேல் போய் உட்கார்ந்தான்.

பால்காரர் மொபெட்டைத் திருப்பி, அவளை மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தில் கொண்டுபோய் விட்டார். அங்கே மலைக்கு உப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு போகிற ஒரு ஜீப் நின்றிருந்தது. ஓட்டுகிறவர் வேடியப்பன், வெள்ளிமலைக்காரர். கருமந்துறை வழியாகச் சேலம் பக்கம் இறக்கிவிட முடியுமா என்று கேட்டாள்.

"போய்ப் பாக்கலாங்க" என்றார் அவர். "எறங்க முடியலன்னா எங்க தங்கச்சி வூடு கீது."

கோமுகி அணையைத் தாண்டி ரோடு ஏறத் தொடங்கியது. மொட்டை மாடியிலிருந்து அத்தனை வருடம் பார்த்த நீலம் கிட்டே வர வர இல்லாமல் போயிற்று. முதலில் பச்சையானது. பிறகு மரங்களாகவும் பாறைகளாகவும் பிரிந்தது. அதற்கும் மேலே மேகம் ரோட்டில் இறங்கி நின்றது. வேடியப்பன் ஜீப்பை நடக்கிற வேகத்தில் ஓட்டினார். மேகத்துக்குள்ளிருந்து ஒரு பசு வந்தது. அதன் பின்னால் குடை பிடித்த ஒருவர் வந்தார். இருவரும் மறுபடியும் மேகத்துக்குள் போனார்கள். கீழே இருந்த கூச்சலும் கோடரிச் சத்தமும் வேறு ஏதோ நாட்டில் நடப்பது போலிருந்தது. அப்படித் தோன்றியதற்காகக் கமலா வெட்கப்பட்டாள். ஆனாலும் தோன்றியது.

கருமந்துறையில் எதிரே வந்தவர்கள் ஜீப்பை நிறுத்திச் சொன்னார்கள். அந்தப் பக்கமும் கீழே மரம் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். ஆத்தூர் ரோட்டில் சைக்கிள்கூடப் போகவில்லை.

இரண்டு பக்கமும் இறங்க வழியில்லை. வேடியப்பன் ஜீப்பைத் திருப்பினார். கமலா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

வெள்ளிமலையில், வேடியப்பனின் தங்கை பச்சையம்மாளின் வீட்டில் ஒரு திண்ணையின் மேல் அவள் பெட்டி இடம் பிடித்தது. பச்சையம்மாளுக்கு அவள் வயதுதான் இருக்கும். சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டாள். போட்டுவிட்டு, அவள் சாப்பிடுவதைப் பார்க்காமல் தன் வேலையைப் பார்த்தாள்.

மறுநாள் தபாலாபீஸிலிருந்து கமலா கள்ளக்குறிச்சிக்குப் போன் போட்டாள். லைன் கிடைக்க நேரமாயிற்று. அதுவரை எத்தனையோ பேரைக் காக்க வைத்தவள், அன்றைக்கு ரிசீவரைப் பிடித்துக்கொண்டு வெளியே மூடுபனியைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"நம்பர் ப்ளீஸ்" என்றது ஜெஸியின் குரல்.

"நான்தான்டி."

"அக்கா! எங்க கீறீங்க? சொல்லுங்க, சொல்லுங்க."

"வெள்ளிமலையிலடி. எறங்க வழியில்ல."

"நானே மெட்ராஸுக்கு லைன் போட்டு டிக்கெட் குடுத்தவங்ககிட்ட பேசிட்டேன். ரோடு விஷயம் அவங்களுக்கும் தெரியும். அடுத்த வாரத்துக்கு மாத்தித் தர்றேன்னுட்டாங்க. நீங்க எறங்காதீங்க. அங்கயே இருங்க."

அதனால் மறியல் முடியும் வரை கமலா மலையிலேயே இருந்தாள். காலையில் மேகம் வாசல் வரை வந்து நிற்கும். பத்து மணி வாக்கில் மனமில்லாமல் எழுந்து போகும். அவள் மிளகுக் கொடி ஏறிய பலா மரங்களுக்கு நடுவே நடந்தாள். பெரியார் அருவி வரை போய்த் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு மதியம் வரை உட்கார்ந்தாள். எதிரே வந்தவர்கள் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தம் வழியே போனார்கள். எத்தனையோ வருடமாகக் காதில் ஒட்டியிருந்த பேச்சுகள் ஒவ்வொன்றாக உதிர்வதுபோல் இருந்தது. ஒரு மதியம் பாறை மேல் தூங்கிவிட்டாள். கனவில் அந்தத் தெரு வந்தது. இந்தத் தடவை அதில் மிளகுக் கொடி ஏறிய மரங்கள் நின்றன.

அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் பச்சையம்மாள் கேட்டாள். "அண்ணன் சொல்லிச்சு. கடலுக்கு அந்தாண்ட போறியாமே. எதுக்கு?"

"சும்மாதான். பாக்க" என்றாள் கமலா. வழக்கமாக வரும் சிரிப்புக்குக் காத்திருந்தாள்.

பச்சையம்மாள் தலையை ஆட்டினாள். "நானும் ஒரு தபா போனேன். சேலத்துக்கு. புள்ளைக்கு மருந்து வாங்கணும்னு வூட்ல பொய் சொல்லிட்டு."

"எதுக்குப் போனீங்க?"

"எதுக்குமில்ல. பஸ் ஸ்டாண்டுல குந்திக்கினு போற வர்ற பஸ்ஸப் பாத்துக்கினு இருந்தேன். யாரு இன்னா ஊருன்னு யாரும் கேக்கல. ரெண்டு இட்டிலி துன்னேன். சாயங்காலம் திரும்பி வந்துட்டேன்." அவரையை முறத்தில் தள்ளினாள். "அன்னிக்கு நல்லா இருந்துச்சு. யாராண்டயும் சொல்லல. சொன்னா எதுக்குன்னு கேப்பாங்க."

இருவரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். கமலாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரிப்பு நிற்கவில்லை.

மறியல் முடிந்து, ரோட்டிலிருந்து மரங்களை இழுத்துப் போட்டதும் வேடியப்பன் அவளைக் கீழே கொண்டுவந்து விட்டார். ஜெஸி எக்ஸ்சேஞ்ச் வாசலிலேயே நின்றிருந்தாள். முகத்தைப் பார்த்ததும் கமலாவுக்குப் புரிந்துவிட்டது.

"சுப்புராயன் அண்ணனப் புடிச்சினு போயிட்டாங்கக்கா. கடலூர் ஜெயில்ல கீறாராம். அடி எதுவும் இல்லியாம், விசாரிச்சிட்டேன்."

அன்றைக்கே கமலா பெட்டியோடு கடலூருக்குப் பஸ் ஏறினாள். ரோட்டின் இருபுறமும் வெட்டுப்பட்ட அடிமரங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. சில இடங்களில் எரிந்த கூரைகள். இனி எங்கேயும் போவதில்லை என்று அவள் முடிவு செய்துகொண்டாள். அந்த முடிவு எடுத்த பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்க்கவும் தோன்றவில்லை.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் சுப்புராயன் வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது. அவனைப் போல நிறையப் பேர் பக்கத்தில் நின்று தத்தம் வீட்டாரோடு கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் அவளும் கத்த வேண்டியிருந்தது.

"நான் போகலடா. டிக்கெட்ட வேணாம்னு சொல்லிடறேன்."

"இன்னாது?"

"போகலன்றேன்!"

"போவாம? ஜெயில் வாசல்ல குந்தினு இருப்பியா? வக்கீலு கீறாரு, சங்கத்துல பாத்துக்கறாங்க. நாளைக்கோ மறாநாளோ வுட்டுடுவாங்க." அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கிட்டே கொண்டுவந்தான். "உள்ள எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எங்க அக்கா பிளேன்ல போவுதுன்னு. ஒருத்தனும் நம்ப மாட்றான். நீ போவலன்னா எம் மானம் போயிடும்."

கமலா கம்பிவலையை ஒட்டி வந்து நின்றாள்.

"அன்னிக்கு அங்க வெச்சு உன்னத் திட்டனேன் இல்ல" என்றான். பிறகு அதை முடிக்காமல் வேறு கேட்டான். "ஏங்கா, பிளேன்ல ஜன்னல் தொறக்குமா?"

"தெரியலியேடா."

"பாத்துட்டு வந்து சொல்லு. உள்ள ஒருத்தன் தொறக்கும்றான். நான் தொறக்காதுன்றேன்."

காவலர் நேரமாயிற்று என்றார். சுப்புராயன் போகும்போது திரும்பி, பக்கத்தில் நடந்தவனிடம் அவளைக் கை காட்டிச் சொல்லிக்கொண்டே போனான். அந்த ஆள் கமலாவைப் பார்த்துக் கும்பிட்டான்.

மீனம்பாக்கத்தில் அவளைச் சோதித்த அதிகாரி, "யாரும்மா இருக்காங்க அங்க?" என்றார். "யாருமில்ல சார், சும்மா பாக்கப் போறேன்" என்றபோது அவள் குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. அவர் முத்திரை குத்தினார்.

ஜன்னல் திறக்காது. உட்கார்ந்ததும் விரலால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். விமானம் ஓடத் தொடங்கியதும் பக்கத்திலிருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். கமலா மூடவில்லை. மெட்ராஸின் விளக்குகள் சாய்ந்தன, சிறுத்தன, ஒரு கோட்டோடு நின்றுபோயின. அந்தக் கோட்டுக்கு அப்பால் கடல். கறுப்பில் எங்கோ ஓரிடத்தில் ஒரு படகின் விளக்கு தனியாக எரிந்தது. யாரோ ஒருத்தர் அங்கே வலையோடு விழித்திருக்கிறார் என்று நினைத்தாள். அது மறையும் வரைக்கும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுக்குள் அடைத்தது. பிறகு விட்டது. அதன் பின் எந்தச் சத்தமும் தனக்காக இல்லை என்பதுபோல, இன்ஜினின் ஒரே முனகல்.

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன விடுதியில் அவளுக்கு அறை கிடைத்தது. படுத்தது தெரியாமல் தூங்கினாள். எழுந்தபோது நன்றாக விடிந்திருந்தது. இன்றைக்கு டூட்டி எத்தனை மணிக்கு என்று பழக்கத்தில் நினைத்தாள். நினைத்ததும் படுக்கையிலேயே சிரிப்பு வந்தது.

குளித்து, வெளிர்மஞ்சள் வாயில் புடவை கட்டிக்கொண்டு, மரப்படிகளில் இறங்கி வந்தாள். கல்லாவில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கி, மறுபடியும் படிக்கத் தொடங்கினார். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். இடது பக்கம் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. வலது பக்கம் தெருவில் நல்ல வெயில் விழுந்திருந்தது. அந்தப் பக்கமாக நடக்கத் தொடங்கினாள்.